பின் சில்லு

அந்தச் சைக்கிளை எனக்குத் தெரியும்.
பங்குனியில் அதன் பின் மட்காட்டில்
சிவப்பு வில்லை பூட்டியவன் நான்.
இருட்டோடு உப்பளத்துக்குப் போகிற மனிசன்,
பின்னால் வாறவனுக்குத் தெரிய வேணும் என்று
நானே வற்புறுத்திப் பூட்டினது.
நூற்றிருபது ரூபாய். இருபதைக் கடன் சொன்னார்.

அதனால்தான்
விடிய ஐந்தரைக்கு என் முற்றத்தில் நின்ற வானின்
நெளிந்த பம்பருக்குள் கையை விட்டு
ஒரு சிவப்புத் துண்டை எடுத்தபோது
எனக்கு ஒருவரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

மாடு ஒன்று, அப்பா, என்றான் கேதாரன்.
நிலாவெளி வீதியில் மாடு படுப்பது வழமைதான்.
நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
அவன் கிணற்றடியில் குந்தி
முகம் கழுவிக்கொண்டே இருந்தான்,
வாளி வெறுமையான பிறகும்.

பெயின்ற் அடிக்கலாம், என்றாள் அவனுடைய தாய்.
மூதூரில் என் அண்ணன் இருக்கிறான்.
எங்களுக்கு ஒரு பிள்ளைதானே.
அவளுடைய கணக்கில் பிழை இல்லை.
நான் சேட்டை மாட்டினேன்.

உப்புவெளிப் பொலிசுக்கு நடை பதினைந்து நிமிடம்.
அன்று நாற்பது எடுத்தது.
இடையில் ஒரு தேத்தண்ணிக் கடையில்
பணிஸ் வாங்கிக் கொடுத்தேன்.
தின்றான். இன்னொன்று கேட்டான்.
எத்தனையோ நினைவில் இருந்து தப்பியிருக்கிறேன்,
அவன் பசியோடு இருந்ததில் இருந்து
இன்னும் தப்ப ஏலவில்லை.

சாட்சிக் கூண்டில்
எதிரி உமக்கு என்ன முறை என்று கேட்டார்கள்.
மகன் என்றேன்.
அதற்குப் பிறகு நான் சொன்ன எல்லாவற்றையும் எழுதினார்கள்.
அந்த ஒரு சொல்லை எழுதினார்களோ தெரியாது.

ஞாயிறுகளில் சிறைச்சாலைக்குப் போவேன்.
மதிலோரம் மான்கள் படுத்து அசைபோடும்.
இந்த ஊரில் அவற்றுக்கு எந்தக் கேற்றும் பூட்டில்லை.
காவலாளி புட்டுக்குள் பேனையைக் குத்திப் பார்ப்பான்.
உள்ளே போய்த் திரும்பி வந்து சொல்வான்:
வர மாட்டானாம், ஐயா.
பார்சலை எடுத்துக்கொண்டான்.

ஏழாவது மாதம்
இரத்தினசோதி என் கடை வாசலில் நின்றாள்.
சான்றுப் பொருளை நீதிமன்றம் திருப்பிக் கொடுத்துவிட்டதாம்.
ஹாண்டிலில் வழக்கு இலக்கம் எழுதிய மட்டை
இன்னும் தொங்கியது.
மகளுக்குப் பள்ளிக்கூடம் மூன்று கட்டை, என்றாள்.
மற்றக் கடைக்காரர் தொட மாட்டினமாம்.
நிமிர்த்த ஏலுமா?

இரண்டு நாள் வேறு வேலை எடுக்கவில்லை.
பதினொரு கம்பி மாற்றினேன்.
ரிம்மைப் பலகையில் வைத்துத் தட்டினேன், மெதுவாக,
நித்திரையில் உள்ள ஒருவரை எழுப்புகிற மாதிரி.
புது வில்லை பூட்டும்போது மட்டும்
திருகாணி கையில் இருந்து
மூன்று தரம் விழுந்தது.

காசு வேண்டாம் என்றேன்.
அவள் முகம் கறுத்தது.
எடுங்கோ.
சும்மா செய்து தந்துபோட்டு
நீங்கள் நிம்மதியாப் படுக்கலாம் எண்டு பார்க்கிறியளோ?

ஆயிரத்து எண்ணூறு. எண்ணி வைத்தாள்.
பிறகு சேலைத் தலைப்பை அவிழ்த்து
கசங்கின இருபது ரூபாய்த் தாளொன்றை
மேலே வைத்தாள்.
உங்களுக்குத் தர வேணும் எண்டு
அவர் கொப்பியில் எழுதி வைச்சிருந்தவர்.

அவள் உருட்டிக்கொண்டு போனாள். ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு புட்டுப் பார்சலோடு
ஒரு துண்டுக் கடதாசியும் உள்ளே கொடுத்தேன்:
அந்தச் சைக்கிள் கடைக்கு வந்தது.

அவன் வந்தான்.
கம்பி வலைக்கு அப்பால், மெலிந்து,
என்னைப் பாராமல் என் கைகளைப் பார்த்தான்.
கிறீஸ் இன்னும் நகத்தில் இருந்தது.

ரிம் மாத்தினீங்களா, நிமிர்த்தினீங்களா?

நிமிர்த்தினேன்.

நேரா வந்ததா?

இல்லை, என்றேன். கொஞ்சம் ஆடும்.